யாருக்கு முதல் இடம்? திருச்சி மாவட்டச் சிறார் மனநலச் சேவையும் சட்டம் தரும் உரிமையும்

தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில் மாலை வேளையில் டோக்கன் கொடுத்து நோயாளிகளைப் பார்க்கும் தனியார் மருத்துவர்களும், அடுத்த பகுதியான புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும் இருப்பதால், திருச்சியில் மருத்துவத்துக்குக் குறைவில்லை என்ற எண்ணம் பரவலாக உண்டு. உடல் நோய்களைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மையே. குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் ஆகியோரின் மனநலத்தைப் பொறுத்தவரை உண்மையில்லை. மனநல மருத்துவர்களே குறைவு, அவர்களுள் சிறார் மனநலத்தில் தனிப்பயிற்சி பெற்றோர் மிகமிகக் குறைவு என்ற நிலையில், யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை நோயின் கடுமை தீர்மானிப்பதில்லை; கட்டணம் செலுத்தும் வசதியும், பேருந்துத் தொலைவும், பெற்றோரின் விவரமறிந்த நிலையுமே தீர்மானிக்கின்றன. இதுவும் ஒரு பங்கீடுதான், ஆனால் யாரும் பொறுப்பேற்காத பங்கீடு.

பற்றாக்குறையின் அளவை ஒரு கணக்கு காட்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய 2015-16-ஆம் ஆண்டுத் தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரையிலானோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. அவ்விகிதத்தின்படி ஆயிரம் பேர் படிக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் எழுபதுக்கும் மேற்பட்டோர் அத்தகைய துன்பத்துடன் வகுப்பில் அமர்ந்திருப்பர். இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்பது பரவலாக மேற்கோள் காட்டப்படும் மதிப்பீடு. தேவையோ லட்சத்துக்கு மூவர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 27 லட்சத்தைத் தாண்டிய திருச்சி மாவட்டத்துக்கு, இந்த அளவுகோலின்படி 80 பேர் வேண்டும். நாட்டின் சராசரியை வைத்துப் பார்த்தால் 20 பேரே கிடைப்பர்.

இத்தனைக்கும் திருச்சி இத்துறையில் பிந்தி வந்த ஊர் அன்று. மனநலச் சிகிச்சையைப் பெருநகர மருத்துவமனைகளிலிருந்து மாவட்ட அளவுக்குக் கொண்டுவரும் மாவட்ட மனநலத் திட்டம், கர்நாடகத்தின் பெல்லாரியில் 1980-களில் பெற்ற அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு 1996-97-இல் நாட்டிலேயே முதலில் தொடங்கப்பட்ட நான்கு மாவட்டங்களுள் திருச்சியும் ஒன்று. ஆனால் அத்திட்டம் தொடக்கத்தில் தீவிர மனநோய் கொண்ட பெரியவர்களை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது; பள்ளிகளில் வாழ்க்கைத் திறன் பயிற்சி, கல்லூரிகளில் ஆலோசனை, தற்கொலைத் தடுப்பு ஆகியவை பதினோராம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், அதாவது 2007-க்குப் பின்னரே சேர்க்கப்பட்டன. பட்டியலில் கடைசியாகச் சேர்ந்த பிரிவினரே ஆள் குறையும்போது முதலில் விடுபடுகின்றனர்.

சிறாருக்கு இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. பெரியவர் தாமே ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்கலாம்; குழந்தையோ யாரேனும் கவனித்து அழைத்து வந்தால் மட்டுமே வரிசைக்குள் நுழைகிறது. வகுப்பில் ஓரிடத்தில் உட்காராமல் சேட்டை செய்யும் சிறுவனைப் பற்றி ஆசிரியர் வாரந்தோறும் புகார் கூறுவார். சாப்பாட்டைக் குறைத்து, தூக்கம் கெட்டு, தோழிகளிடம் பேசுவதை நிறுத்திவிட்ட மாணவியை ‘அடக்கமான பிள்ளை’ என்று பாராட்டி விட்டுவிடுவர். துறையூரை அடுத்த பச்சமலையிலிருந்து புத்தூர் வரை ஒரு பிள்ளையை மாதந்தோறும் அழைத்து வருவதென்றால், பெற்றோரில் ஒருவர் அன்றைய கூலியை இழக்க வேண்டியிருப்பதால், இரண்டு மூன்று முறைக்குப் பின் சிகிச்சை தானே நின்றுபோகிறது.

இவ்விடத்தில்தான் சட்டத்தை அறிந்திருப்பது பயன்தரும். 2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 18-ஆம் பிரிவில், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக அறிவிப்பதோடு, குழந்தைகளுக்கான தனிச் சேவையையும் அதில் சேர்க்கிறது. சிகிச்சைக்காகக் குழந்தைகள் உட்பட எவரையும் நெடுந்தொலைவு பயணம் செய்ய வைக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர், அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், அரசுச் சேவையைக் கட்டணமின்றிப் பெறலாம். சட்டம் குறிப்பிடும் குறைந்தபட்சச் சேவைகள் ஒரு மாவட்டத்தில் இல்லையெனில், அம்மாவட்டத்திலுள்ள வேறு மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் செலவை அரசே ஏற்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. ‘டாக்டர் இல்லை, அடுத்த மாதம் வாருங்கள்’ என்பது நிர்வாகத்தின் விளக்கமாக இருக்கலாம். சட்டத்தின்முன் அது விடையாகாது.

பதினெட்டு வயது நிறையாதவரை உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கு 87-ஆம் பிரிவு கடுமையான நிபந்தனைகளை விதிக்கிறது. பெரியவர்களுடன் ஒரே அறையில் தங்க வைக்கக் கூடாது. அவருக்காக முடிவெடுக்கும் சட்டப்பூர்வக் காப்பாளரான நியமனப் பிரதிநிதியோ அவர் அமர்த்தும் துணையாளரோ உடனிருக்க வேண்டும். சேர்த்த 72 மணி நேரத்துக்குள், நோயாளிகளின் உரிமையைக் கண்காணிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எவரையும் சங்கிலியால் பிணைப்பதை 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நினைவில் வைத்திருப்போருக்கு இத்தடையின் தேவை புரியும். காவிரி வடகரையிலுள்ள குணசீலம் கோயிலில் மனநோய் தீர வேண்டி ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கி வழிபடும் குடும்பங்கள் இன்றும் உண்டு. வழிபாடு சிகிச்சைக்குப் பகையன்று, ஆனால் அந்த 48 நாளும் மருந்தின்றிக் கழிந்தால் வளரும் பிள்ளைக்கு அது பெரும் இழப்பு.

உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று சுக்தேப் சாஹா வழக்கில் வழங்கிய தீர்ப்பு, தில்லை நகரின் பயிற்சி மையங்களுக்கும் நேரடியாகப் பொருந்தும். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். அதற்குக் குறைந்தவை வெளியிலுள்ள மனநல வல்லுநர்களுடன் முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவரைத் தனித்தனி வகுப்பாகப் பிரிப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். பங்கீட்டு நோக்கில் இத்தீர்ப்பின் பயன் பெரிது: தேர்வு அச்சமும் நட்பு முறிவும் பள்ளி ஆலோசகரிடமே தீருமாயின், மனநல மருத்துவரின் நேரம் கடுமையான நோயுள்ள பிள்ளைக்குக் கிடைக்கும். எளிய துன்பத்தை எளிய நிலையிலேயே கையாண்டு கடுமையானதை மட்டும் மேலே அனுப்பும் இம்முறைக்குப் படிநிலைச் சிகிச்சை என்று பெயர். ஆனால் ஆலோசகர் வேலையைக் கணக்கு ஆசிரியரின் கூடுதல் பொறுப்பாக்கிப் பதிவேட்டில் காட்டும் பள்ளியில் இது நடவாது.

தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒரு பிள்ளை வெளியிட்டால் முறைவரிசைக்குக் காத்திருத்தல் கூடாது; தனியே விடாமல் உடனே அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், தண்டிக்கப்படமாட்டார் என்பது 115-ஆம் பிரிவின் பொதுநிலை என்பதால், வழக்குக்கு அஞ்சி மறைக்க வேண்டியதில்லை. 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே எந்நேரமும் ஆலோசனை பெறலாம். குழந்தை வன்முறைக்கு ஆளாகியிருந்தால் 1098.

சேவை மறுக்கப்பட்டால், 28-ஆம் பிரிவின்படி முதலில் மருத்துவமனைப் பொறுப்பு அலுவலரிடமும், அதில் நிறைவில்லையெனில் மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம். வாய்மொழியாகச் சொல்லாமல் தேதியிட்டு எழுதி, ஓ.பி. சீட்டின் நகலை இணைத்து, ஒப்புகை பெறுவது நல்லது. வருமான வரம்பின்றிக் குழந்தைகளுக்கு இலவச சட்ட உதவி அளிக்க மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டது. பொதுநிலையில் கேட்க வேண்டிய கேள்விகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும்: மாவட்ட மனநலத் திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலியானவை எத்தனை, சிறாருக்கென ஒதுக்கிய நாள் எது, மணப்பாறைக்கும் துறையூருக்கும் குழு கடைசியாகச் சென்ற தேதி எது என்று பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய விண்ணப்பத்தில் கேட்டால், 30 நாளில் விடை தர வேண்டும். மனநலப் பணியாளர் எண்ணிக்கையைப் பன்னாட்டு அளவுக்கு உயர்த்தும் முயற்சிக்குச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு அரசுக்குக் கொடுத்த பத்தாண்டுக் காலம் 2028 மே மாதத்தில் முடிவதால், அக்கேள்விகளை இப்போதே கேட்பது பொருத்தமாகும்.