5-ம் நம்பர் என்றால் எல்லாமே ஒன்றா? மீன்பிடிக் கம்பைச் சோதிக்கும் சில்லறைக் காசு!

ரெடிமேட் சட்டை எடுக்கப் போகிறோம். ஒரு பிராண்டில் 'எல்' சைஸ் அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. பக்கத்து பிராண்டில் அதே 'எல்', பட்டனே போட முடியவில்லை. சட்டையையாவது டிரையல் ரூமில் போட்டுப் பார்த்துவிடலாம். 1,000 டாலர், அதாவது நம் பணத்தில் 80,000 ரூபாய்க்கும் மேல் கொடுத்து வாங்கும் ஒரு மீன்பிடிக் கம்பில் இதே குழப்பம் வந்தால்?

அமெரிக்காவில் 'ஃப்ளை ஃபிஷிங்' பிரியர்களுக்குப் பல வருடத் தலைவலி இது. அதற்கு ஒருவர் கண்டுபிடித்த மருந்து, ஒரு பிளாஸ்டிக் பையும் கொஞ்சம் சில்லறைக் காசும்!

எடையே இல்லாத தூண்டில்

நம்மூர் ஏரிக்கரையில் எப்படி மீன் பிடிப்போம்? கொக்கியில் மண்புழுவைக் கோத்து, ஈயக்குண்டு கட்டி வீசுவோம். குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழும்.

ஃப்ளை ஃபிஷிங்கில் கதையே வேறு. சின்னக் கொக்கியில் இறகும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சிதான் இரை. நிஜப் பூச்சி என்று நம்பி ட்ரவுட் போன்ற மீன்கள் அதைக் கவ்வும். ஆனால் ஊதினாலே பறந்துவிடும் அந்தப் பூச்சியை 30 அடி தள்ளி எப்படி வீசுவது?

அதனால் இங்கே கனம் நூலில் இருக்கிறது. 'லைன்' எனப்படும் அந்தத் தடித்த நூலைப் பின்னால் வீசி, பிறகு முன்னால் வீசுவார்கள். கம்பு வில்லைப் போல வளைந்து நிமிரும்போது, அந்த விசையில் லைன் காற்றில் விரிந்து போகும். கூடவே பூச்சியும் போகும். லைனுக்கு ஏற்ற கம்பு இல்லையென்றால் வேலைக்கு ஆகாது. கம்பு ரொம்ப விறைப்பாக இருந்தால் வளையாது. ரொம்பத் தொளதொளவென்று இருந்தால் லைனைத் தூக்காது.

லைனுக்கு அளவு உண்டு, கம்புக்கு?

அமெரிக்க மீன்பிடிக் கருவித் தயாரிப்பாளர்கள் 1960-களின் தொடக்கத்தில் லைனுக்கு ஒரு பொது அளவு கொண்டுவந்தார்கள். லைனின் முதல் 30 அடியை வெட்டி எடை போட்டால் 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம் இருக்க வேண்டும். அதுதான் 5-ம் நம்பர். 160 கிரெய்ன் இருந்தால் 6-ம் நம்பர்.

கம்பிலும் '5' என்று அச்சடித்திருப்பார்கள். அது 5-ம் நம்பர் லைனுக்கானது என்று அர்த்தம். ஆனால், அதைத் தீர்மானிப்பது கம்பைச் செய்த நிறுவனம்தான். பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 5, இன்னொரு நிறுவனத்தின் 6-ஐவிட விறைப்பாக இருக்கலாம்.

கம்புகள் வருடத்துக்கு வருடம் விறைப்பாகிக்கொண்டே போக, அவற்றை வளைப்பதற்காக லைன் நிறுவனங்களும் கனத்தைக் கூட்டத் தொடங்கின. டப்பாவில் 5 என்று இருக்கும், உள்ளே இருக்கும் லைனின் கனமோ ஐந்தரை, ஆறுக்குப் பக்கத்தில் இருக்கும். புதிதாக வாங்குபவர் கம்பு சரியில்லையா, லைன் சரியில்லையா, தன் கைதான் சரியில்லையா என்று குழம்பிப்போவார்.

வந்தது சில்லறை வைத்தியம்

2000-களின் தொடக்கத்தில் டாக்டர் வில்லியம் ஹேன்மன் என்பவர், கம்பு செய்பவர்களுக்கான 'ராட்மேக்கர்' இதழில் ஒரு வழி சொன்னார். பெயர் 'காமன் சென்ட்ஸ்'. பொது அறிவு என்ற பொருள் தரும் 'காமன் சென்ஸ்' என்ற சொல்லோடு அமெரிக்கக் காசான சென்ட்டைச் சேர்த்து ஒரு சிலேடை!

செய்முறை இதுதான்:

* கம்பின் கைப்பிடியை மேஜையில் அசையாமல் பொருத்த வேண்டும். கம்பு தரைக்குக் கிடையாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

* நுனியில் ஒரு பேப்பர் கிளிப்பை மாட்டி, சின்ன பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட வேண்டும்.

* பையில் ஒவ்வொரு சென்ட்டாகப் போட வேண்டும். கம்பின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு நுனி கீழே இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். 9 அடிக் கம்பு என்றால் 3 அடி இறங்க வேண்டும்.

* இப்போது காசை எண்ணுங்கள். அதிகக் காசு என்றால் அதிக பலம். எத்தனை காசுக்கு எந்த லைன் நம்பர் என்று அவர் அட்டவணையும் கொடுத்திருக்கிறார்.

அதே நிலையில் நுனி எத்தனை டிகிரி கோணத்தில் திரும்பியிருக்கிறது என்றும் பார்ப்பார்கள். 66 டிகிரிக்கு மேல் என்றால் நுனிப்பகுதி மட்டும் வளையும் 'வேகமான' கம்பு. 59-க்குக் கீழ் என்றால் கைப்பிடிவரை வளையும் 'மெதுவான' கம்பு.

ஏன் காசு? 1982-க்குப் பிறகு வந்த சென்ட் ஒவ்வொன்றும் 2.5 கிராம். எல்லோர் வீட்டிலும் கிடைக்கும். லேப் வேண்டாம், மெஷின் வேண்டாம். நம் வீட்டில் சென்ட் இல்லையே என்றால் அதுவும் பிரச்னையில்லை. பையில் அரிசியைப் போட்டு, கிச்சன் தராசில் எடை பார்த்து, 2.5-ஆல் வகுத்தால் அதே கணக்கு வந்துவிடும்.

துடைப்பம் சொல்லும் பாடம்

9 அடி நீள 5-ம் நம்பர் கார்பன் கம்பின் எடை 80, 90 கிராம்தான் இருக்கும். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் போனின் எடையில் ஏறக்குறைய பாதி! விளம்பரங்களும் 'உலகிலேயே லேசானது' என்ற பாணியில்தான் வரும்.

ஆனால், தராசு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. வீட்டுத் துடைப்பத்தை அடிப்பக்கம் பிடித்து ஒருமுறை வீசுங்கள். தலைகீழாகத் திருப்பிப் பிடித்து இன்னொருமுறை வீசுங்கள். துடைப்பத்தின் எடை மாறவில்லை. கைக்குத் தெரியும் கனம் மாறிவிட்டது. கம்பும் அப்படித்தான். நுனிப்பக்கம் கனம் கூடினால் நாள் முழுக்க வீசும்போது மணிக்கட்டு வலிக்கும். இதை 'ஸ்விங் வெயிட்' என்கிறார்கள்.

மொன்டானா மாநிலம் லிவிங்ஸ்டனில் உள்ள 'எல்லோஸ்டோன் ஆங்ளர்' என்ற கடை, 5-ம் நம்பர் கம்புகளை ஒன்றோடொன்று மோதவிட்டு மதிப்பெண் போடுவதற்குப் பெயர்பெற்றது. அருகில், நடுத்தர தூரத்தில், தொலைவில் வீசிப் பார்ப்பதோடு ஸ்விங் வெயிட், விலை, வாரன்ட்டி ஆகியவற்றுக்கும் அங்கே மார்க் உண்டு. கம்பு விற்கும் கடையே மார்க் போடுகிறது என்பதையும் மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. திறந்தவெளியில் 70 அடி வீசிக் காட்டும் சோதனையில் விறைப்பான கம்புகள் ஜொலிக்கும். ஆனால் சிற்றாறுகளில் ட்ரவுட் மீன் சிக்குவது பெரும்பாலும் 30, 40 அடிக்குள்தான். ஹைவேயில் 150-ல் பறக்கும் காரை, தினமும் மார்க்கெட்டுக்குப் போவதற்காக வாங்கிய கதையாகிவிடும்!

கம்பா, கையா?

ஒரு காலத்தில் மூங்கிலைப் பிளந்து, ஆறு பட்டைகளை ஒட்டிக் கம்பு செய்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஃபைபர்கிளாஸ் வந்தது. 1970-களில் கார்பன் வந்தது.

ஜோன் வுல்ஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி 1951-ல், போட்டியிட்ட ஆண்கள் அத்தனை பேரையும் தொலைதூர வீச்சில் வென்றார். 1960-ல் 161 அடி வீசினார். அப்போது கார்பன் கம்பே சந்தைக்கு வரவில்லை. பலமும் காஸ்ட்லி கம்பும் இருந்தால்தான் முடியும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

வாங்கும் முன் கவனியுங்கள்

* இரண்டு கம்புகளை ஒப்பிடும்போது ஒரே ரீல், ஒரே லைன், ஒரே இடம் என வைத்துக்கொள்ளுங்கள்.

* பிராண்ட் பெயர் மேல் டேப் ஒட்டி, நண்பரை மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். விலை தெரிந்தால் கைகூடப் பாரபட்சம் காட்டும்.

* நீங்கள் மீன் பிடிக்கப்போகும் தூரத்திலேயே வீசிப் பாருங்கள்.

* கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்குக் கீழேயும், இடி மின்னலிலும் கம்பை நீட்டாதீர்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் விடப்பட்ட ட்ரவுட் நம் நீலகிரி ஓடைகளிலும் உண்டு. அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் இருக்கிறது. அங்கே மீன் பிடிக்க ஆசைப்பட்டால், கம்பு வாங்கும் முன் அதற்கு அனுமதி உண்டா என்று மீன்வளத் துறையிலும் வனத் துறையிலும் கேட்டுவிடுங்கள்.

மீனே பிடிக்காதவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. மிக்ஸியின் வாட்ஸ், போன் கேமராவின் மெகாபிக்ஸல், பவர் பேங்கின் எம்.ஏ.ஹெச் என நம்மைச் சுற்றி எத்தனையோ நம்பர்கள். அந்த நம்பரை அளந்தது யார், எப்படி அளந்தார்கள் என்று கேட்டுவிட்டுப் பர்ஸைத் திறந்தால், பாதிப் பணம் மிச்சம்!