ஒடிந்த எலும்பின் கதை – 9: ஆர்ட்மோர் வைத்தியர்

மாவுக்கட்டானது ஒடிந்த இடத்தோடு நில்லாமல், அதற்கு மேலும் கீழும் உள்ள மூட்டுக்களையும் சேர்த்துச் சிறைப்படுத்திவிடுகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அதற்கு மேல் நினைவூட்ட வேண்டியதில்லை. இந்த வாரம், ஒடிந்த எலும்பை வெளியிலிருந்தே பிடித்து நிறுத்தும் சைபீரியாவின் வளையச் சட்டகத்தைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அதற்கான குறிப்புகளைத் திரட்டும்போது 1942ஆம் வருஷத்துக் கட்டுரை ஒன்றின் ஆசிரியர் வரிசை கண்ணில் பட்டது. அதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் இடங்கொடுக்கவில்லை.

மனிதர்களுக்குச் சஸ்திர சிகிச்சை செய்வோர் பெரிதும் மதிக்கும் 'அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி' என்னும் அமெரிக்கப் பத்திரிகையில், நீண்ட எலும்புகளின் முறிவுக்குச் சிகிச்சை கூறும் அக்கட்டுரையை எழுதியவர்கள் மூவர். லூயிஸ், பிரைடன்பாக் என்ற இருவரும் நியூயார்க் பெல்வியூ ஆஸ்பத்திரியில் கட்டுரையின் முறையை மனிதர்களிடம் கையாண்டு பார்த்த சஸ்திர வைத்தியர்கள். மூன்றாமவராகிய ஆட்டோ ஸ்டேடர், பிலடெல்பியாவை அடுத்த ஆர்ட்மோரில் நாய்களுக்கு வைத்தியம் பார்த்து வந்த மிருக வைத்தியர்! மனித வைத்தியத்தில் தேறியதை மிருகங்களுக்குப் பிரயோகிப்பதே உலக வழக்கமாயிருக்க, இங்கே நாயின் காலுக்கென்று பிறந்த கருவி மனிதனின் காலுக்கு ஏறியது. அதைச் செய்தவரின் பெயரும் மறைக்கப்படாமல் அச்சேறியது.

காலை ஊன்றாதே, கட்டை நனைக்காதே என்று மனித நோயாளியிடம் சொல்லிவிடலாம். நாயோ மயக்கம் தெளிந்த மறுகணமே எழுந்து நடக்கப் பார்க்கும். கட்டைப் பல்லால் கடித்துக் குதறும். கீழ்ப்படியாத நோயாளியைக் கீழ்ப்படியச் செய்வதற்கு வழி தேடாமல், அது நடந்தாலும் எலும்பு அசையாதிருப்பதற்கு வழி தேடியதில்தான் ஸ்டேடரின் மேதை விளங்குகிறது என்பது என் அபிப்பிராயம். முறிவுக்கு மேலேயுள்ள துண்டில் இரண்டும் கீழேயுள்ள துண்டில் இரண்டுமாக, ஒன்றுக்கொன்று சாய்வாக உலோகக் கம்பிகளைத் தோலின் வழியே எலும்பில் செலுத்தி, அவற்றின் வெளிமுனைகளை ஒரு தண்டினால் இணைத்து, அத்தண்டிலேயே நீளத்தையும் கோணத்தையும் மாற்றும் திருகுகளை அமைத்தார். ஆகவே விலகிய எலும்பை நேர்ப்படுத்துவதும், நேர்ப்பட்டதை ஸ்திரமாக நிறுத்துவதும் ஒரே கருவியின் வேலைகளாயின. மூட்டுக்கள் சுதந்திரமாயிருந்தன.

எலும்பில் திருகைச் செலுத்தி வெளியே இணைக்கும் யோசனை அவருக்கு முன்பே உண்டு: டென்வரில் பார்க்ஹில் 1897இலும், ஆண்ட்வெர்ப்பில் லம்போட் 1902இலும் மனிதர்களிடம் அதைச் செய்திருக்கிறார்கள்.

கம்பியின் பருமனைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு கம்பி வளையாமல் எதிர்த்து நிற்கும் வலிமை அதன் விட்டத்தின் நான்காவது மடங்கில் ஏறுவதால், விட்டம் இரட்டித்தால் அவ்வலிமை 16 மடங்காகிறது. அப்படியானால் மிகப் பருத்த கம்பியையே போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் எலும்பின் குறுக்களவில் ஏறத்தாழ கால் பங்குக்கு மேற்பட்டால், கம்பிக்காகத் துளைத்த துவாரத்திலேயே எலும்பு மறுபடியும் ஒடியக்கூடும். துளைக்கும் கருவியையும் மெதுவாகவே சுழற்ற வேண்டும். வேகத்தில் பிறக்கும் உஷ்ணம் சுற்றியுள்ள எலும்பைக் கொன்றுவிட, சில வாரங்களில் கம்பி தளர்ந்து, அதன் வழியே சீழும் பிடிக்கிறது. தசை குறைந்து தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும் பகுதியே கம்பிக்கு உகந்த வாயில். நாயின் பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழே உட்புறம் அத்தகையது. தொடையிலோ தசை கனத்திருப்பதால் அங்கே இம்முறை அவ்வளவு சுலபமாகப் பயன்படுவதில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கக் கடற்படை வைத்தியர்கள் ஸ்டேடர் சட்டகத்தைக் காயமுற்ற வீரர்களுக்குப் பொருத்தினார்கள். யுத்தம் முடிந்தபின், கம்பி செல்லும் வழிகளில் ஏற்பட்ட சீழும், எலும்பு கூடாமற் போன சந்தர்ப்பங்களும் சேர்ந்து, அந்நாட்டு மனித வைத்தியத்தில் இம்முறைக்கு மதிப்புக் குறைந்தது. மிருக வைத்தியர்கள் மட்டும் அதைக் கைவிடவில்லை. சியாட்டில் நகரத்து மிருக வைத்தியரான எமர் என்பவர் எளிய தண்டும் கிளாம்புகளுமாக அமைத்த 'கிர்ஷ்னர்-எமர்' சட்டகம், அதன்பின் பல பத்தாண்டுகள் நாய்களையும் பூனைகளையும் நடக்கவைத்தது. புறக்கணிக்கப்பட்ட ஒரு வித்தையைக் காப்பாற்றி வைத்த பெருமையை அவர்களுக்கு நாம் தாராளமாகவே கொடுக்க வேண்டும்.

சைபீரியாவின் குர்கன் நகரத்தில் இலிசாரோவ் என்ற வைத்தியர், பருத்த கம்பிகளை விட்டு, ஒன்றரை மில்லிமீட்டர் அளவேயுள்ள மெல்லிய கம்பிகளை வளையங்களுக்கிடையே இழுத்து முறுக்கேற்றி, அவற்றின் மேல் ஒரு முழு மனிதனின் பாரத்தையே தாங்கவைத்தது எவ்வாறு என்பதையும், அவ்வளையங்கள் பின்னர் நாயின் வளைந்த முன்னங்காலை நிமிர்த்த வந்த விதத்தையும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.