தெமோதரை வளையமும் என் இணையத்தளமும்

எங்கள் தெமோதரை நிலையத்திலிருந்து புறப்படும் ரயில், குன்றைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கம் வழியாகப் பதுளைக்குப் போகும். கணினியில் 127.0.0.1 என்ற முகவரியும் ஒரு வளையந்தான். ஆனால் அதற்கு அனுப்புவது அந்தக் கணினியை விட்டு வெளியே போகாது.

தமிழ் மன்றத்துக்காக நான் செய்த இணையத்தளம் அந்த முகவரியில் அழகாக இயங்கியது. சேவையகத்தில் ஏற்றியதும் படங்கள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் தேடினேன். படக் கோப்புகளின் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கின. நிரலிலோ சிறிய எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். சேவையகத்திலிருந்த லினக்ஸுக்கு அவை வெவ்வேறு பெயர்கள்.

ஆகவே தோழியரே, கோப்புப் பெயர்களை முதலிலிருந்தே சிறிய எழுத்தில் வையுங்கள். சேவையகத்தில் ஏற்றிய பின் வேறொரு கணினியிலும் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகே வேலை முடிந்தது என்று சொல்லுங்கள்.