ஆயமும் கானலும்

வாழும் ஊரை விட்டு நீங்கிச் சென்று ஆடி மகிழ்வதைத் தமிழ் நூலோர் குற்றமாகக் கருதவில்லை. இல்லறத்தார் ஊரெல்லை கடந்து நீர்த்துறைகளிலும் சோலைகளிலும் விளையாடி இன்புறுதல் தகும் என்பது தொல்காப்பியக் கற்பியலின் கருத்து. நெய்தல் நிலத் தலைவியும் கானலுக்குத் தனியே செல்வாளல்லள். தோழியர் சூழச் சென்றே மணலிற் சிற்றில் இழைப்பாள். அத்தோழியர் கூட்டத்துக்கு ஆயம் என்று பெயர்.

இச்சொல் அண்மையில் எனக்குப் பயன்பட்டது. இரத்தினபுரிப் பகுதித் தோட்டமொன்றின் காரியாலயத்தில் எழுதுவினைஞராக இருக்கும் பழைய மாணவர் ஒருவர் வந்தார். உத்தியோகத்தரைக் கம்பெனி பெந்தோட்டைக் கடற்கரை விடுதி ஒன்றுக்கு இரண்டு நாள் அழைத்துச் செல்கிறதாம். ‘டீம் பில்டிங்’ என்னும் அந்நிகழ்ச்சியின் பதாகைக்கு நல்ல தமிழ் வேண்டுமாம். ‘குழுக்கட்டு’ என்று எவரோ கூறினராம். காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டுவது போலல்லவா இருக்கிறது! ‘ஆயம் அமைத்தல்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஆயம் என்பதற்கு வரி என்ற பொருளும் உண்டு, கணக்கர்கள் அஞ்சவேண்டா.

போய் வந்தபின் மாணவர் மகிழ்ச்சியோடு விவரித்தார். கண்ணைக் கட்டிக்கொண்டவரை மற்றவர் சொல்லால் வழிநடத்தினராம். கயிறிழுத்தலில் பெரியதுரையே மணலில் விழுந்தாராம். கொழுந்து முற்றி வந்ததென்று தொழிற்சாலையும், லொறி பிந்தி வந்ததென்று மலையும் ஒன்றையொன்று பழிப்பது தோட்டத்து வழக்கம். அவ்விரு பகுதியாரும் ஒரே கயிற்றைப் பிடித்து ஒருநாள் சிரித்தது நன்றே.

“கொழுந்து எடுப்பவர்களும் பால் வெட்டுபவர்களும் வந்தார்களா, தம்பி?” என்றேன்.

“இல்லை, ஐயா. அவர்களுக்கு நாட்பேர் அல்லவா?”

அவ்விடையில் முழுக் காரணமும் அடங்கியிருந்தது. மாதச் சம்பளக்காரருக்கு இரண்டு நாள் கடற்கரையால் இழப்பில்லை. பெரட்டுக்களத்தில் பேர் விழாதவருக்கு அன்றைய கூலி இல்லை. இலவசமாக அழைத்தாலும் அவருக்கு அது செலவுப் பயணமே. ஆனால் அவரை நீக்கிவிட்டு அமைக்கும் ஆயம் எந்த ஆயம்?

இந்திரவிழா முடிவில் புகார் மக்கள் கடலாடச் சென்றதைச் சிலப்பதிகாரம் கற்றோர் அறிவர். கோவலன் அத்திரி என்னும் கோவேறு கழுதையில் ஏறினான். மாதவி வையம் என்னும் வண்டியில் ஏறினாள். ஒரே கரையில் அமர்ந்து, ஒரே யாழை மாறி மாறி மீட்டிப் பாடியும், ஒருவர் பாட்டின் உட்பொருளை மற்றவர் பிழைபடக் கொண்டமையால் அவ்விடத்திலேயே பிரிந்தனர். கடற்காற்றுக்கு மனங்களை இணைக்கும் தனி ஆற்றல் ஏதும் இல்லை போலும்.

தோட்டம் முழுவதும் செல்லக் காலம் வாய்க்குமா? தென்மேற்குப் பருவமழை பட்டையை நனைத்துப் பால் வெட்டை நிறுத்தும் நாட்களில், பெந்தோட்டைக் கடலும் கொந்தளிக்கும். தை, மாசியிலோ கடல் அடங்கியிருக்கும். கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும் காலமும் ஏறத்தாழ அதுவே. அப்போது பாலும் குறையும். மழையின்றித் தேயிலைக் கொழுந்தும் மெலியும். அக்காலத்தில் ஒருநாள் தொழில் நின்றால் தோட்டம் கெட்டுவிடாது.

களுகங்கை சிவனொளிபாத மலைச்சாரலில் தோன்றி, இரத்தினபுரி வழியே ஓடிக் களுத்துறையில் கடலடைகிறது. பெந்தோட்டை அதற்குத் தெற்கே அண்மையிலுள்ளது. 2003-இலும் 2017-இலும் இரத்தினபுரியை மூழ்கடித்த அவ்வாற்றின் வெள்ளத்தைப் பற்றி எம் தோட்டப் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அது கடலோடு கலக்குமிடத்தைக் கண்டவர் யாரென்று வகுப்பிற் கேட்டேன். இரண்டு கைகளே உயர்ந்தன.

ஆகவே கம்பெனியாரிடம் நான் கேட்பது பெரிதன்று. மாசியில் ஒருநாள் பிரிவு பிரிவாக அழைத்துச் செல்லட்டும். அன்று பெரட்டை பஸ்ஸடியில் வைத்து, வந்தவர் அனைவருக்கும் முழுப்பேர் போடட்டும், அரைப்பேர் அன்று. பிள்ளைகளுக்கும் இடமிருக்கட்டும். பெரியதுரையும் அதே பஸ்ஸில் ஏறலாம். அவருக்கெனத் தனி அத்திரி வேண்டியதில்லை.