ஆபத்துக்காலத்தில் கைகொடுக்கும் கூட்டாஞ்சோறு

சங்கரன்கோவில் வட்டாரத்தில் புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் மானாவாரி விவசாயிகள் ஏராளம். மழை தவறினால் கரிசல் வெடிக்கிறது. அடைமழை பிடித்தால் உளுந்தும் பாசிப்பயறும் நிலத்திலேயே அழுகுகின்றன. இரண்டிலும் முதலில் அடிபடுவது வீட்டு அடுப்பு. அடுப்பை எரியவைக்க, அடுத்த பட்டத்துக்கு வைத்திருந்த விதையைக் குத்திச் சமைப்பதும், ஆட்டையும் மாட்டையும் வந்த விலைக்குத் தள்ளுவதும் நடக்கிறது. ஒரு பருவ நஷ்டம் இப்படித்தான் மூன்று வருஷ நஷ்டமாகிறது.

வீட்டுக்கு வீடு தனியாக அல்லாடாமல், ஊர் கூடி ஒரே உலை வைத்தால் விதையும் கால்நடையும் தப்பும். அதற்கு ஏற்ற உணவு திருநெல்வேலிச் சீமையிலேயே இருக்கிறது. அதுதான் கூட்டாஞ்சோறு.

முதல் இரண்டு நாள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சாலையும் தண்டவாளமும் அரித்துப்போனதால் நிவாரணம் உடனே வந்து சேர முடியவில்லை. பக்கத்திலிருந்த புதுக்குடி மக்கள்தான் சமைத்துக் கொடுத்துப் பயணிகளின் பசியாற்றினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரசின் உதவி வருவதற்கு முந்திய ஒன்றிரண்டு நாட்களுக்கு ஊரின் கையிருப்புதான் துணை. கையிருப்பில் தானியம் இல்லாத ஊரில் நல்ல மனசு மட்டும் சோறாகிவிடாது.

ஜப்பானிலும் இதே வழக்கம்

2011 மார்ச் 11ந் தேதி ஜப்பானின் வடகிழக்குக் கரையைப் பூகம்பமும் சுனாமியும் தாக்கின. பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் தங்கியவர்கள் ஒன்றாகச் சோறு வடித்து உருண்டை பிடித்துப் பகிர்ந்துகொண்டார்கள். இப்படிப் பொதுவில் சமைத்து வழங்குவதை அங்கே ‘தகிதாஷி’ என்கிறார்கள். அதே பகுதியில் ‘இமோனி’ என்ற குழம்பும் உண்டு. அறுவடைக் காலத்தில் ஆற்றங்கரையில் கூடி, சேப்பங்கிழங்கையும் இறைச்சியையும் பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். நல்ல காலத்தில் சேர்ந்து சமைத்துப் பழகியவர்களுக்கு ஆபத்துக்காலத்தில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

100 பேருக்குச் சமைக்க

புழுங்கல் அரிசி 10 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, கிடைக்கும் காய்கள் 7 கிலோ, பெரிய கட்டு முருங்கைக்கீரை ஒன்று, புளி அரை கிலோ ஆகியவை போதும். தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், மஞ்சள் ஆகியவற்றை அரைத்துக்கொள்ள வேண்டும்.

சுமார் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முதலில் பருப்பைப் போடவும். அது பாதி வெந்ததும் அரிசியையும், பிறகு கத்தரி, வாழைக்காய், அவரை, முருங்கைக்காய் முதலியவற்றையும் சேர்க்கவும். இவை வெந்த பிறகே புளிக்கரைசலும் உப்பும் அரைப்பும் சேர்க்க வேண்டும். புளியை முந்திச் சேர்த்தால் பருப்பு வேகாது, விறகுதான் வீணாகும். கீரையைக் கடைசியில் போட்டுக் கிளறி, வடகம் தாளித்து இறக்கவும். அரிசி குறைவாயிருந்தால் குதிரைவாலியைப் பயன்படுத்தலாம். அது சீக்கிரம் வெந்துவிடுமாதலால் காய்கள் பாதி வெந்த பிறகு போட வேண்டும்.

அரிசியில் குறைவாக உள்ள புரதச்சத்தைப் பருப்பு ஈடுசெய்கிறது. கீரையில் இரும்புச்சத்தும் வைட்டமின் ஏ சத்தும் கிடைக்கின்றன. தனித்தனியே குழம்பு, கூட்டு என்று பல அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. ஒரு வீட்டில் நாலு கத்தரிக்காய், இன்னொரு வீட்டில் ஒரு கை பருப்பு என்று எது கிடைத்தாலும் உலையில் சேரும்.

கவனிக்க வேண்டியவை

வெள்ளநீரில் நனைந்து பூசணம் பிடித்த தானியத்தைச் சமைக்கக் கூடாது. அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. கோழி, மாடுகளுக்கும் அதைப் போடக் கூடாது. குடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தே கொடுக்க வேண்டும். சமைத்த சோற்றை 4 மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். பெரிய பாத்திரத்தில் மிஞ்சிய சோற்றை மறுநாளுக்கு வைப்பது வாந்தி பேதிக்கு இடம் கொடுக்கும்.

இன்னொன்றும் முக்கியம். 2004 சுனாமிக்குப் பிறகு சில முகாம்களில் சாதி பார்த்து உணவும் தண்ணீரும் மறுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. தெருவுக்கு ஓர் உலை வைத்தால் அது கூட்டாஞ்சோறு ஆகாது. எல்லாத் தெருக்காரர்களும் சேர்ந்து சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்தால்தான் பாத்திரம், விறகு, ஆள்பலம் மூன்றும் மிச்சமாகும். மறுநாள் வாய்க்கால் அடைப்பை எடுக்கவும் ஊர் ஒன்றாக வரும்.

இப்போதே செய்யலாம்

மக்காச்சோளமும் பருத்தியும் காசு தரும். ஆனால் மழை கெடுத்த நாளில் உலையில் போட உதவாது. ஆகவே ஓர் ஓரத்திலாவது கம்பு, குதிரைவாலி, உளுந்து, துவரை விதைப்பது நல்லது. வேலியோரம் இரண்டு முருங்கை இருந்தால் வறட்சியிலும் கீரை கிடைக்கும்.

அறுவடையானதும் வீட்டுக்கு ஒரு படி தானியமும் அரைப்படி பயறும் ஊர்ப் பொது இருப்புக்கு ஒதுக்க வேண்டும். கடித்தால் கடுக்கென்று உடையும் அளவுக்குக் காயவைத்து, துவரைக்குச் செம்மண் கட்டி, நொச்சி அல்லது வேப்பிலை போட்டு, தண்ணீர் ஏறாத உயரத்தில் வைக்கவும். முன்னோர் குலுக்கையில் சேமித்த முறையும் இதுதான். அடுத்த அறுவடைக்கு முன்பாகப் பழையதை எடுத்து ஒரு நாள் ஊர் கூடிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, புதியதை நிரப்ப வேண்டும். தானியமும் கெடாது; சேர்ந்து சமைக்கும் பழக்கமும் விட்டுப்போகாது. விதைக் குலுக்கையில் கைவைக்க வேண்டிய நிலையும் வராது.