மஞ்சள் பூ முள்ளுச் செடியும் பீலித் தண்ணீரும்

பட்டிப்பொல, ஒஹிய, டயகம, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு ஹோர்ட்டன் சமவெளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லீவு நாளில் வேன் பிடித்து 'உலக முடிவு' பார்த்து வந்தவர்கள் எல்லா லயத்திலும் உண்டு. அங்கே புற்றரையில் சில இடங்களில் ஆள் உயரத்துக்குப் பச்சை முள்ளுப் பற்றைகள் நிற்கும். பூக்கும் காலத்தில் பற்றை முழுக்க மஞ்சள் பூ. கிட்டப் போனால் தேங்காய் வாசம் அடிக்கும். பார்க்க அழகுதான், படம் பிடிக்கவும் நல்லதுதான். ஆனால் அந்தச் செடி நம் நாட்டுக் காட்டுக்கு உரியதல்ல. அதைப் பிடுங்கி எடுக்கும் வேலை பல வருடங்களாக நடந்தும் இன்னும் முடிந்தபாடில்லை. அந்த வேலை ஏன் முடிவதில்லை, அதை எப்படிச் செய்தால் முடியும், அதில் தோட்டத்து மக்களாகிய நமக்கு என்ன பங்கு என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

செடியின் பெயர் கோர்ஸ். விஞ்ஞானப் பெயர் யூலெக்ஸ் யூரோப்பியஸ். மேற்கு ஐரோப்பாவில் இயற்கையாக வளர்வது. வெள்ளைக்காரர் காலத்தில் இங்கு வந்தது. நியூசிலாந்துக்கு இதையே வேலிச் செடியாகக் கொண்டுபோய், பிறகு மேய்ச்சல் நிலத்தையெல்லாம் அது பிடித்துக்கொண்டதால் அங்குள்ள விவசாயிகள் படாத பாடு படுகிறார்கள். உலகத்திலேயே மோசமாகப் பரவும் 100 உயிரினங்கள் என்று எடுத்த பட்டியலில் இதற்கும் இடம் உண்டு.

'பரவினால் பரவட்டுமே, நமக்கு என்ன?' என்று கேட்கலாம். நமக்கு என்ன என்பதற்குப் பதில் பீலியில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே இருக்கும் அந்தச் சமவெளியில் மழை பெய்யாத நாளிலும் மூடுபனி மரத்தில் பட்டு, பாசியில் ஊறி, சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்குகிறது. அக்கர ஓயா, பெலிஹுல் ஓயா போன்றவை அங்கேதான் தொடங்குகின்றன. மகாவலி, களனி, வளவை என்ற மூன்று பெரிய கங்கைகளுக்கும் அந்த மலையிலிருந்து தண்ணீர் போகிறது. வரட்சிக் காலத்தில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்து நிற்கும் நம்ம பெண்களுக்கு, மேலே காடு இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அந்தக் காட்டில் 1970களிலிருந்தே மரங்கள் நின்ற நிலையில் பட்டுப்போய் வருகின்றன. பட்ட மரம் விழுந்து வெளிச்சம் படும் இடத்தில் நம் நாட்டுக் கன்று எழும்ப வேண்டும். அந்த இடத்தை வெளியிலிருந்து வந்த பற்றை முந்திப் பிடித்துக்கொண்டால் காடு மறுபடி காடாகாது.

இதை ஒரு தோட்டத்தில் பேசியபோது வயதான ஒருவர் கேட்டார்: "ஐயா, வெளியிலேருந்து வந்ததெல்லாம் பிடுங்கிப் போடணும்னா எங்களையும் சேத்தா சொல்றீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் 1948இல் பிரஜாவுரிமை பறிபோன குடும்பங்களில் அது வெறும் பகிடிக் கேள்வியல்ல. ஆகவே தெளிவாகச் சொல்கிறோம். வெளியிலிருந்து வந்தது என்பது குற்றமில்லை. தேயிலையும் வெளியிலிருந்து வந்ததுதான். உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் எல்லாமும் அப்படித்தான். நாம் நட்டு, உரம் போட்டு, புல்லு வெட்டிப் பார்த்தால்தான் அவை நிற்கும். வைத்த இடத்தை விட்டுக் காட்டுக்குள் ஓடிப் பரவுவதில்லை. யாரும் நடாமலே தானாகப் பரவி, அங்கே இருந்ததை எல்லாம் நசுக்கிவிட்டுத் தான் மட்டும் நிற்கும் செடிக்குத்தான் ஆக்கிரமிப்புத் தாவரம் என்று பெயர். வெளியிலிருந்து வந்த ஒரு உயிர் என்ன செய்யும் என்பதற்கு நம் சொந்தச் சரித்திரத்திலேயே சாட்சி உண்டு. 1869இல் இங்கு காணப்பட்ட இலைத்துரு நோய் ஒரு 20 வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்களைத் துடைத்தெறிந்தது. அதனால்தான் நம் பாட்டன்மார் கையில் கோப்பிக்குப் பதிலாகத் தேயிலைக் கொழுந்து வந்தது.

சரி, கோர்ஸைப் பிடுங்குவது அவ்வளவு கஷ்டமா? ஒரு செடியைப் பிடுங்குவது கஷ்டமில்லை. விதைதான் பிரச்சினை. காய் முற்றினால் வெயிலில் 'டப்' என்று வெடித்து விதையைச் சில மீற்றர் தூரத்துக்கு எறியும். மண்ணுக்குள் விழுந்த விதை 30 வருடம் போனாலும் உயிரோடு கிடக்கும். இன்றைக்குப் பிடுங்கிய இடத்தில் இன்றைக்குப் பிறந்த பிள்ளைக்குக் கல்யாணமாகும்வரை முளை வரலாம் என்று கணக்கு வையுங்கள். அடியோடு வெட்டினால் கட்டையிலிருந்து துளிர்க்கும், கவ்வாத்து வெட்டிய தேயிலை மாதிரி. நெருப்பு வைத்தால் இன்னும் மோசம். செடியில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் திகுதிகுவென்று எரிந்து பக்கத்துப் புற்றரையையும் பிடிக்கும். எரிந்த மண்ணில் பழைய விதையெல்லாம் விழித்துக்கொண்டு முளைக்கும்.

ஆகவே, நூறு பேர் ஒரு நாள் வந்து, பனர் பிடித்து, படம் எடுத்து, பிடுங்கிவிட்டுப் போவதால் காரியம் ஆகாது. அதைவிடப் பத்துப் பேர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது மேல் என்பது எங்கள் அபிப்பிராயம். கொழுந்துக்கு ரவுண்டு இருப்பது போல இதற்கும் ரவுண்டு வேண்டும். ரவுண்டு தவறினால் கொழுந்து முற்றிப் போகும். இங்கே ரவுண்டு தவறினால் காய் முற்றிப் போகும்.

முதல் வேலை அனுமதி. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது, 2010இலிருந்து உலக மரபுரிமை இடமும் கூட. அதற்குள் ஒரு புல்லைப் பிடுங்குவதற்கும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தோட்டத்தை ஒட்டிய மற்றக் காட்டுத் தொங்கல்கள் பெரும்பாலும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வரும். 'நல்ல காரியம்தானே' என்று கத்தியை எடுத்துக்கொண்டு யாரும் உள்ளே போகக் கூடாது. விறகுக்குப் போய் மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு அலைந்தவர்களுக்கு இது தெரியும். அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். வேலை நாளும், வருபவர்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

அடுத்தது எங்கே தொடங்குவது என்பது. அடர்ந்து கிடக்கும் பெரிய பற்றையைப் பார்த்ததும் அதில் விழுந்து வெட்டத்தான் மனசு வரும். அது பிழை. தனியாக, தூரத்தில், ஒன்றிரண்டாக நிற்கும் செடியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். நாளைக்கு அதுதான் புதுப் பற்றையாகும். ஓரத்திலிருந்து உள்ளே வர வேண்டும். ஓடை இருந்தால் மேலேயிருந்து கீழே வர வேண்டும், விதையைத் தண்ணீர் கொண்டு போகும் என்பதால். தேடும்போது மலையில் நிரை பிடிப்பது போலவே வரிசையாக, கைக்கெட்டும் தூரத்தில் நடக்க வேண்டும். ஒருவர் பின்னால் வந்து விட்டுப்போனதைப் பார்க்க வேண்டும். இந்த நடையைப் பட்டணத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பாதி நாள் சொல்லிக்கொடுக்க வேண்டும். நம்ம ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மழை பெய்து மண் இளகிய நேரம் சின்னச் செடி கையோடு வரும். பெரியதற்கு முள்ளுப் போட்டுத் தூர் முழுவதையும் எடுக்க வேண்டும். குழியை மூடி மிதித்துவிட வேண்டும், கிளறிய மண்ணில் விதை சீக்கிரம் முளைக்கும். காயுள்ள கொப்பைச் சாக்கில் போட்டுக் கட்டாமல் தூக்கி வந்தால் வழியெல்லாம் நாமே விதைத்தவர்கள் ஆவோம். பிடுங்கியதை என்ன செய்வது என்பதைத் திணைக்களக்காரர் சொல்லும் இடத்தில், அவர்கள் சொல்லும் முறையில்தான் செய்ய வேண்டும். திரும்பும் முன் சப்பாத்து, படங்கு, மம்பட்டி எல்லாவற்றிலும் ஒட்டிய சேற்றை அங்கேயே தட்டிக் கழுவ வேண்டும்.

முள்ளுச் செடியெல்லாம் கோர்ஸ் அல்ல, பற்றையெல்லாம் பகையும் அல்ல. ஓடைக்கரைக் குட்டை மூங்கில், சிவப்புப் பூப் பூக்கும் காட்டுப் பூவரசு, பல வருடத்துக்கு ஒரு முறை மலையே நிறையப் பூக்கும் நெலு, இவையெல்லாம் காட்டின் சொந்தப் பிள்ளைகள். கையை வைக்கக் கூடாது.

குளவியைப் பற்றி நாங்கள் சொல்லாமல் விட முடியாது. பற்றைக்குள் கூடு இருக்கிறதா என்று ஒருவர் முன்னால் போய்ப் பார்க்காமல் யாரும் கத்தியை ஓங்கக் கூடாது. கூடு இருந்தால் அன்றைக்கு அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வாகனம் இல்லாமல் வேலை தொடங்கவே கூடாது.

இனிக் கூலி விஷயம். ஆறு நாள் கொழுந்தெடுத்த பெண் ஞாயிற்றுக்கிழமைதான் துணி துவைக்கிறாள், விறகு பார்க்கிறாள், பிள்ளையின் தலையைப் பார்க்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமையை 'சிரமதானம்' என்று கேட்டு வாங்குவது சரியில்லை என்று நாங்கள் நினைக்கிறோம். தொண்டாக வர விரும்புகிறவர் வரட்டும், சந்தோஷம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வருடக்கணக்காகப் போக வேண்டிய வேலை தொண்டால் ஓடாது. அது பேர் போட்டுச் செய்ய வேண்டிய வேலை. கையுறை, சப்பாத்து, மத்தியானச் சாப்பாடு, காயம் பட்டால் யார் பொறுப்பு, எல்லாம் முன்கூட்டியே பேசி எழுத வேண்டும். திட்டம் கொண்டு வருகிறவர்களிடம் தோட்டத் தலைவர்மாரும் கமிட்டியும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. அழகாக இருக்கிறதென்று காட்டோரத்துப் பூச்செடியின் விதையையோ கொப்பையோ லயத்து வாசலுக்குக் கொண்டு வராதீர்கள். ரோட்டோரக் காட்டுச் சூரியகாந்தியைத் தேயிலைக்குப் பசளையாக வெட்டிப் போடும்போது, பூ விதையாகும் முன்னமே வெட்டுங்கள். மஞ்சள் பூ முள்ளுச் செடியை மலையிலோ ஓடைக்கரையிலோ கண்டால் பிடுங்க வேண்டாம். மலை நம்பரையும் பக்கத்தில் உள்ள அடையாளத்தையும் எங்களிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். பிள்ளைக்காம்பராவில் இதற்கென்று ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும், பிள்ளை பார்க்கும் அம்மா எழுதிக்கொள்வார்.