நீர்யானைக்குக் காது உண்டு

நைஜர் நதிக்கரையில் அயோரு என்று ஓர் ஊர். 1950களின் நடுவில் ஒரு ராத்திரி, அங்கே ஒரு சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டிப் படம் காட்டினார் ழான் ரூஷ் என்ற பிரெஞ்சுக்காரர். படத்தில் வருகிறவர்கள் அந்த ஊர்க்காரர்களேதான். 1951இல் படகும் ஈட்டியுமாக நீர்யானை வேட்டைக்குப் போனவர்களை அவர் கூடவே போய்ப் படம்பிடித்திருந்தார். திரையில் அசைவது தாங்கள்தான் என்று பிடிபட ஊருக்கு அதிக நேரம் ஆகவில்லை. இடைப்பட்ட காலத்தில் இறந்துபோனவர்கள் எழுந்து நடமாடுவதைப் பார்த்துச் சிலர் அழுதார்கள். மறுபடி போடு, மறுபடி போடு என்றார்கள்.

பிறகுதான் குற்றம் சொன்னார்கள். வேட்டை சூடுபிடிக்கும் இடத்தில் ரூஷ் பின்னணி இசை சேர்த்திருந்தார். அவர்களுடைய மெட்டுதான், வேட்டைக்காரர்களுக்கு வீரம் ஏற்றுகிற மெட்டு. பொருத்தமாக இருக்கும் என்று அவர் நினைத்தார். வேட்டைக்காரர்களுக்கு அது அபத்தமாகப் பட்டது. தண்ணீருக்கடியில் கிடக்கும் நீர்யானைக்குக் காது இல்லையா? இந்தச் சத்தம் கேட்டால் அது தப்பி ஓடிவிடாதா? வேட்டையின்போது பேச்சுமூச்சு இருக்கக் கூடாது என்றார்கள். ரூஷ் இசையை நீக்கிவிட்டார்.

இடம்பெயர்வு ஆய்வில் இன்று பங்கேற்புத் திரைப்படம் என்று சொல்லப்படும் முறைக்கு ஒரு பிறந்தநாள் குறிக்கச் சொன்னால் நான் இந்த ராத்திரியைத்தான் குறிப்பேன். ஆய்வாளர் யாரை ஆராய்ந்தாரோ அவரே ஆய்வைப் பார்த்து, இது தப்பு என்று சொல்ல, ஆய்வாளர் அதைத் திருத்திய ராத்திரி. புத்தகமாக எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. அயோருவில் அதை யார் வாசித்திருப்பார்கள்?

ரூஷ் படிப்பால் சிவில் இன்ஜினியர். 1941இல் சாலை போட நைஜருக்கு வந்தவர். அங்கே பழக்கமான தமூரே ஸிகா என்ற இளைஞர் கடைசிவரை அவருக்குக் கூட்டாளி. பின்னாளில் தன் வழியைப் பகிர்ந்துகொள்ளும் மானுடவியல் என்று ரூஷ் அழைத்தார். அது கொள்கையாக உதித்ததல்ல, கூட்டாளிகளோடு அலைந்து பழகிய பழக்கம்.

அந்தப் பகுதி இளைஞர்களுக்கு அப்போது ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலம் முடிந்து வயல் வேலை ஓய்ந்ததும் தெற்கே கிளம்புவார்கள். பிரிட்டிஷார் ஆண்ட கோல்ட் கோஸ்ட்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு. குமாசி சந்தையிலும் அக்ராவிலும் மூட்டை தூக்குவார்கள், துணி விற்பார்கள், சுரங்கத்தில் இறங்குவார்கள். அடுத்த மழைக்கு ஊர் திரும்பிவிடுவார்கள். 1953 முதல் 1955 வரை ரூஷ் இதை முறைப்படி ஆராய்ந்து 1956இல் நீண்ட அறிக்கையாக வெளியிட்டார். அதில் பாதைகள், எண்ணிக்கைகள், தொழில்கள் எல்லாம் உண்டு.

ஆனால் எல்லை தாண்டிப் பிழைக்கப் போகிறவனிடம் தாளும் பேனாவுமாகப் போய் நின்றால் என்ன கிடைக்கும்? அவன் வாழ்க்கையில் அதுவரை தாளும் பேனாவுமாக வந்தவர்கள் போலீஸ்காரர், வரி வசூலிப்பவர், எல்லைக் காவலர். ஏன் வந்தாய் என்று கேட்டால் சம்பாதிக்க என்பான். அது பொய் இல்லை. அதற்குமேல் அவன் சொல்லப்போவதும் இல்லை. பெரியவனாகிவிட்டேன் என்று ஊருக்குக் காட்ட வந்தேன், கடலைப் பார்க்க வந்தேன் என்பதெல்லாம் படிவத்தின் எந்தக் கட்டத்தில் அடங்கும்?

அங்கேதான் ரூஷின் 'ஜாகுவார்' படம் வருகிறது. கோல்ட் கோஸ்ட் பயணத்தை நாமே கதையாக நடித்துப் படமாக்குவோம் என்ற யோசனை தமூரே தரப்பிலிருந்து வந்தது. தமூரே, மாடு மேய்க்கும் லாம், மீன் பிடிக்கும் இல்லோ, மூவரும் அயோருவிலிருந்து கிளம்புகிறார்கள். எல்லைச் சாவடியில் காகிதம் இல்லை என்று மறித்தால் சாவடிக்குப் பின்புறமாக நழுவுகிறார்கள். கடலை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். குமாசியில் கடை போட்டு அதற்குப் பெயர் எழுதுகிறார்கள். சிறுகச் சிறுகத்தான் பறவை கூடு கட்டும் என்பது பிரெஞ்சுப் பழமொழி. இவர்கள் கடைப்பலகையில் பறவை தொப்பி கட்டுகிறது! கடைசியில் ஊர் திரும்பி, மாதக்கணக்கில் சேர்த்ததை எல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு, ராஜா மாதிரி நிற்கிறார்கள். வளைகுடாவிலிருந்து வந்தவர் பெட்டியைத் திறக்கும்போது கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

படம்பிடித்தது ஒலி இல்லாத கேமராவில். பின்னர் நடித்தவர்களையே உட்காரவைத்து, படத்தைப் போட்டுக் காட்டி, பார்த்துக்கொண்டே பேசச் சொன்னார் ரூஷ். அவர்கள் தங்களையே கிண்டல் செய்கிறார்கள், குறுக்கே பேசுகிறார்கள், நடக்காததை நடந்ததாக அளக்கிறார்கள். படத்தின் உயிர் அந்தப் பேச்சில்தான். இது சுத்தமான கற்பனை என்று ரூஷே சொன்னார். இருக்கட்டும். நான்தான் எல்லையை ஏமாற்றிக் கடந்தேன் என்று எவனும் ஆய்வாளரிடம் சொல்லமாட்டான். என் கதாபாத்திரம் கடந்தது என்றால் தாராளமாகச் சொல்வான். இந்த மூவரும் உண்மையில் பிழைப்புத் தேடிப் போனவர்கள் அல்ல, பிழைக்கப் போகிறவர்களாக நடித்தவர்கள் என்ற குறை உண்டு. அவர்களோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரரும் போனார் என்பதையும் மறக்கக் கூடாது. செனகலின் திரைப்பட இயக்குநர் உஸ்மான் செம்பேன் 1965இல் ரூஷிடம் நேருக்கு நேராகவே கேட்டார். எங்களைப் பூச்சிகளைப் போலப் பார்க்கிறீர்கள் என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு.

பூச்சி என்ற சொல் ஐம்பது வருஷம் கழித்து வேறு விதமாகத் திரும்பி வந்தது. மொராக்கோவை ஒட்டி ஸ்பெயினுக்குச் சொந்தமான நகரம் மெலில்லா. சுற்றிலும் ஆளுயரம்போல மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்த கம்பி வேலி, அதுவும் அடுக்கடுக்காக. எதிரே குருகு மலை. வேலியைத் தாண்டக் காத்திருக்கும் ஆப்பிரிக்க இளைஞர்கள் அந்த மலைக்காட்டில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். 2016இல் வெளியான 'லே சோத்தர்' (தாண்டுகிறவர்கள்) படம் எல்லைக் கண்காணிப்புக் கேமராவின் காட்சிகளோடு தொடங்குகிறது. உடல் சூட்டைக் கண்டறியும் கேமரா அது. ராத்திரியில், மலைச்சரிவில், புள்ளி புள்ளியாக ஏதோ வரிசையாக இறங்குகிறது. எறும்பு என்றே சொல்லலாம்.

அந்தப் புள்ளிகளில் ஒருவர் மாலி நாட்டைச் சேர்ந்த அபு பக்கர் சிதிபே. ஐரோப்பாவிலிருந்து வந்த இயக்குநர்கள் மோரிட்ஸ் சீபர்ட்டும் எஸ்தெஃபான் வாக்னரும் அவரிடம் ஒரு சின்னக் கேமராவைக் கொடுத்தார்கள், பணமும் கொடுத்தார்கள். கேமராவை விற்றுவிடலாமா என்றுதான் அவர் முதலில் யோசித்தார். ரொம்ப நியாயமான யோசனை. விற்காமல் எடுக்க ஆரம்பித்தார். சமையல், பந்தாட்டம், காத்திருப்பு, போலீஸ் வந்து போனபின் எரிந்து கிடக்கும் கூடாரங்கள் என்று அவர் எடுத்தபோது, வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் புள்ளியாகத் தெரிந்தவர்களுக்கு முகமும் குரலும் வந்தன. இயக்குநர் பெயர்களில் சிதிபேயின் பெயரும் உண்டு. இந்தப் பெயர்ப்பட்டியல் விஷயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை.

ஏனென்றால் கேமராவைக் கொடுத்தோம் என்பது இப்போது நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களில் ஒரு மந்திரமாகிவிட்டது. மூன்று நாள் பயிலரங்கு, கையில் கேமரா, ஒரு குழுப் படம். அதோடு முடிந்தது. கேமரா கைமாறுவது சுலபம். கைமாறாமல் இருப்பது எடிட்டிங் மேஜை. எதை வெட்டுவது, யாருக்கு முதலில் காட்டுவது என்று அங்கேதான் முடிவாகிறது. 1967இல் கனடாவின் ஃபோகோ தீவில் இதை ஒழுங்காகச் செய்தார்கள். மீன்பிடி கிராமங்களைக் காலி செய்து மக்களை வேறு இடத்துக்கு மாற்றுவது அப்போதைய அரசுத் திட்டம். திரைப்பட இயக்குநர் காலின் லோ அங்கே எடுத்த இருபத்துச் சொச்சம் குறும்படங்களையும் முதலில் தீவுக்காரர்களுக்கே போட்டுக் காட்டினார். அவர்கள் சம்மதித்த பிறகுதான் அவை அதிகாரிகளிடம் போயின. அமைச்சர் சொன்ன பதிலும் படமாகித் தீவுக்குத் திரும்பியது. தீவுக்காரர்கள் கூட்டுறவுச் சங்கம் கட்டி ஊரிலேயே தங்கினார்கள்.

முகம் காட்டுவதில் ஆபத்தும் உண்டு. தப்பி ஓடும் பாதையைப் படத்தில் காட்டினால் வேலி கட்டுகிறவனும் பார்ப்பான், கடன் கொடுத்தவனும் பார்ப்பான். ஆய்வு நெறிமுறைக் குழுக்கள் பெயரையும் முகத்தையும் மறைக்கச் சொல்லும். தன் பெயர் வரவேண்டும் என்று பங்கேற்பவர் சொன்னால் என்ன செய்வது என்பதற்கு அங்கே சுலபமான பதில் இல்லை. மொராக்கோ-பிரெஞ்சுக் கலைஞர் புஷ்ரா கலீலி 2008 முதல் 2011 வரை எடுத்த எட்டு வீடியோக்களில் முகமே கிடையாது. ஒரு வரைபடம், ஒரு கை, ஒரு மார்க்கர் பேனா. பேசிக்கொண்டே கை கோடு போடுகிறது. கோடு கடலைத் தாண்டுகிறது, பிடிபட்டுத் திரும்புகிறது, மறுபடி கிளம்புகிறது. அச்சடித்த எல்லைக்கோடுகளின் மேலேயே மை ஏறிப் போகிறது. சில இடங்களில் கை தயங்கி நிற்கும். எந்தக் கேள்வித்தாளிலும் இந்தத் தயக்கத்தை எழுதிக்கொள்ள இடம் கிடையாது.

ஒளிந்தே எடுக்க வேண்டியிருந்த படமும் உண்டு. பப்புவா நியூ கினியாவின் மானுஸ் தீவில் இருந்த ஆஸ்திரேலியத் தடுப்பு முகாமில் இலங்கைத் தமிழர்களும் அடைபட்டிருந்தார்கள். அங்கிருந்த குர்து எழுத்தாளர் பெஹ்ரூஸ் பூச்சானி செல்போனில் ரகசியமாகப் படம் எடுத்து, துண்டு துண்டாக வாட்ஸ்அப்பில் நெதர்லாந்துக்கு அனுப்பினார். 2017இல் அது முழுநீளப் படமாக வெளிவந்து திரைவிழாக்களுக்குப் போனது. எடுத்தவர் தீவிலேயே இருந்தார்.

ரூஷிடம் திரும்புகிறேன், ஒருவரைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நைஜரைச் சேர்ந்த உமரு காண்டா, பிரான்சுக்காக இந்தோசீனப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர். ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் துறைமுகத்தில் கூலி. நைஜர்காரர்களின் இடம்பெயர்வைப் பற்றி ரூஷ் அங்கே நடத்திய ஆய்வில் உதவியாளராகவும் இருந்தார். ரூஷ் 1958இல் முடித்த 'முவா, அன் நுவார்' (நான், ஒரு கறுப்பன்) படத்தின் நாயகன் அவர்தான். அதிலும் பேச்சு பிறகு சேர்த்ததுதான். தன் வாழ்க்கையைத் திரையில் பார்த்தபடி காண்டா பிரெஞ்சில் பேசிக்கொண்டே போகிறார். செம்பேனுக்கே பிடித்த படம் அது. காண்டாவுக்கு அது முழுத் திருப்தி தரவில்லை, போர் வீரனின் கதை சரியாக வரவில்லை என்று நினைத்தார்.

பத்து வருஷம் கழித்து அவரே இயக்குநரானார். 'கபாஸ்கபோ', 1968. இந்தோசீனாவிலிருந்து காசோடு ஊர் திரும்பும் வீரனாக அவரே நடித்தார். காசு இருக்கும்வரை சுற்றிலும் நண்பர்கள், தீர்ந்ததும் ஆளில்லை. அந்தப் படத்தில் காண்டா பேசுவது பிரெஞ்சு இல்லை, தன் தாய்மொழியான ஸர்மா.